மீந்த நூல் யாருடையது? மருதமுனைத் தறியும் பச்சிளம் பிள்ளையின் உடையும்

அம்பாறை மாவட்டத்தின் கடலோரத்தில் மருதமுனை தொடங்கி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை, இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற இந்து ஊர்களோடு அயலாக அமைந்திருக்கும் முஸ்லிம் ஊர்களுள், நெசவுக்கென்று பெயர் பெற்றது மருதமுனை. அங்கே நெய்யப்படும் சாரனும் சேலையும் படுக்கை விரிப்பும் நாட்டின் பல பாகங்களிலும் அறியப்பட்டவை. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த காலத்தில் தழைத்த இலங்கைக் கைத்தறி, 1977இல் சந்தை திறந்துவிடப்பட்ட பின் மலிவான ஆலைத் துணியோடு போட்டியிட இயலாமல் சுருங்கியபோதும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாட்டிலேயே மிகுதியான உயிர்களை அம்பாறைக் கரையில் பறித்து வீடுகளையும் தொழில்களையும் அழித்தபோதும், மருதமுனையில் தறி முற்றாக நின்றுவிடவில்லை. தறியுள்ள வீட்டில் மிச்ச நூலும் இருக்கும். அந்த மிச்ச நூலைக் கொண்டு, புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு ஒரு தொப்பியோ காலுறையோ பின்னி அன்பளிப்பாகக் கொடுப்பது மார்க்கத்தின் பார்வையில் எத்தகைய செயல் என்பது, கேட்ட மாத்திரத்தில் மிகச் சிறிய கேள்வியாகவே தோன்றும். ஆனால் உடைமை, வீண்விரயம், அன்பளிப்பு என்று இஸ்லாமிய அறநெறி நூற்றாண்டுகளாக வாதித்து வந்த மூன்று பொருள்கள் அந்த ஒரு சாண் நூலில் முடிச்சிட்டுக் கிடக்கின்றன.

மிச்சம் எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பின்னர் வரும் உரிமை வழக்கு முழுவதும் அதையே பற்றி நிற்கிறது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் இழைகள் பாவு என்றும், நாடாவுக்குள் அடங்கிக் குறுக்கே ஓடும் இழை ஊடை என்றும் பெயர் பெறும். பாவு முழுவதையும் துணியாக்கிவிட எந்தக் கைக்கும் இயலாது; நெய்யப்பட்டது வளர்ந்து வளர்ந்து, அச்சுக்குப் பின்னால் கொஞ்ச நீளம் மட்டும் எஞ்சும் நிலை வரும்போது, நாடா நுழைவதற்கான வழி திறவாது; அந்த எச்சத்தை அறுத்தே எடுக்க வேண்டும். ஊடையிலும், தாரில், அதாவது நாடாவுக்குள் பொருத்தப்படும் நூற்குழலில், ஒட்டிக் கிடப்பது, கரையின் நிறம் மாறும்போது மிஞ்சுவது என்று சிறிது சிறிதாகச் சேரும். இவை மெல்லிய பருத்தி இழைகள். நான்கைந்தைச் சேர்த்துப் பிடித்தால்தான் கொக்கி ஊசியில் தங்கும். தொழுகைத் தொப்பி பின்னும் அதே கொக்கி ஊசியால் பச்சிளம் பிள்ளையின் தலைக்கும் காலுக்கும் பின்ன முடியும். கடையில் வாங்கிய கம்பளி நூலில் மீந்த உருண்டைகளும் இதில் கலப்பதுண்டு.

இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தமது ‘இஹ்யாஉ உலூமித்தீன்’ என்னும் பெருநூலில், உலகம் நிலைபெறுவதற்கு இன்றியமையாத அடிப்படைத் தொழில்களாக நான்கினைக் காட்டுகிறார்: உணவுக்கு வேளாண்மை, உடைக்கு நெசவு, உறைவிடத்துக்குக் கட்டடம், கூடிவாழ்வுக்கு ஆட்சி. பஞ்சு அடிப்பதும் நூற்பதும் நெசவுக்கு முன்நின்று உதவுவன என்றும், வெளுப்பதும் தைப்பதும் அதைப் பின்நின்று நிறைவு செய்வன என்றும் அவர் வகுக்கிறார். அவ்வளவு உயர்வாக எண்ணப்பட்ட ஒரு தொழிலின் எச்சத்தைக் குப்பையில் எறிவது ‘இஸ்ராஃப்’, அதாவது அளவு மீறிய விரயம் என்ற கண்டனத்துக்குள் வரும் என்று சொல்வது எளிது. ஆயினும் விரயத் தடையை மட்டும் காட்டி நிறுத்துவது போதாது. உணவைப் பற்றிய ஒரு நபிமொழி இன்னும் ஆழமாகச் செல்கிறது. கீழே விழுந்த கவளத்தைத் துடைத்து உண்ணுமாறும், தட்டில் ஒட்டியிருப்பதை விட்டுவிடாதிருக்குமாறும் கட்டளையிட்ட நபிகள் நாயகம் (ஸல்), உணவின் எந்தப் பகுதியில் ‘பரக்கத்’, அதாவது இறைவன் இடும் வளர்நலம் இருக்கிறது என்பதை மனிதர் அறியமாட்டார்கள் என்பதையே அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். இது இமாம் முஸ்லிமின் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. கடைசியில் எஞ்சியதே நலம் மிகுந்த பகுதியாக இருக்கக்கூடும் என்ற இந்தப் பார்வையில், மிச்சம் என்பது தாழ்ந்தது என்ற முன்முடிவே ஆட்டம் காண்கிறது.

பிள்ளை பிறந்த வீட்டின் வழக்கங்களிலும் இதே பார்வை ஊடுருவி நிற்கிறது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே ‘குடி’ எனப்படும் குலப்பிரிவு தாய்வழியாகவே தொடர்வதும், மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடித்து வைக்கப்படுவதால் மருமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் நன்கறியப்பட்டவை. இதனால் பிள்ளை கண் திறப்பது பெரும்பாலும் தாய்வழிப் பெண்களின் நடுவிலேயே. மூத்தம்மாவின் பழைய பருத்திச் சேலை ஏணையாகக் கட்டப்படுகிறது. மிருதுவாகிப் போன பழந்துணி பிள்ளையைப் பொதிய எடுக்கப்படுகிறது. புதிய துணியைவிடப் பலமுறை தோய்த்த துணியே பிள்ளையின் தோலுக்கு இதமானது என்பது அங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாம் நாள் பெயரிட்டு, தலைமுடி இறக்கி, ‘அகீகா’ எனப்படும் நன்றிப்பலியாக, ஷாஃபிஈ மத்ஹபின்படி, அதாவது சட்டநெறிப்படி, ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடும் பெண் பிள்ளைக்கு ஓர் ஆடும் அறுப்பது வலியுறுத்தப்பட்ட சுன்னத். அன்று இறக்கிய முடியின் நிறைக்குச் சமமான வெள்ளியைத் தருமம் செய்வதும் விரும்பத்தக்கது. நபிகளாரின் மகள் பாத்திமா (ரழி) தம் பிள்ளைகளின் முடியை நிறுத்து அவ்வாறு கொடுத்ததை இமாம் மாலிக்கின் ‘முவத்தா’ பதிவு செய்கிறது. பிள்ளையின் உடலிலிருந்து நீக்கப்பட்ட, எவருக்கும் பயன்படாத முடியே ஏழைக்குக் கொடுக்கும் வெள்ளிக்கு அளவுகோலாகிறது. நீக்கப்பட்டதும் கணக்கில் சேர்கிறது என்ற இந்த ஏற்பாட்டை ஆழ்ந்து நினைப்பவருக்கு, மீந்த நூலைப் பற்றிய கேள்வி அற்பமாகத் தோன்றாது.

ஆனால் எதிர்ப்பக்கத்திலும் வலிமையான வாதம் இருக்கிறது. திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயத்தின் 92ஆம் வசனம், மனிதர் தாம் நேசிப்பதிலிருந்து செலவிடும் வரையில் நன்மையை எய்தமாட்டார்கள் என்ற பொருளைத் தருகிறது. அதைக் கேட்டதும் தமது சொத்துகளில் மிகப் பிரியமான ‘பைருஹா’ என்ற பேரீச்சந் தோட்டத்தையே கொடுக்க முன்வந்தவர் அபூதல்ஹா (ரழி). அதைத் தம் உறவினருக்குப் பகிர்ந்து கொடுக்குமாறு நபிகளார் அவருக்கு அறிவுரை கூறினார்கள். இரண்டாம் அத்தியாயத்தின் 267ஆம் வசனமோ இன்னும் கூர்மையானது. தமக்குக் கொடுக்கப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டே அன்றி ஏற்கமாட்டாத மட்டமான பொருளைத் தேடிப்பிடித்துத் தருமம் செய்வதை அது தடுக்கிறது. மதீனாவில் ஏழைகளுக்கென்று பள்ளிவாசலில் தொங்கவிடப்பட்ட பேரீச்சங் குலைகளிடையே சிலர் சொத்தைக் குலைகளையும் கொண்டுவந்து தொங்கவிட்டதே இவ்வசனம் அருளப்பட்ட சூழல் என்பது திர்மிதியில் காணப்படும் அறிவிப்பு. இப்படியிருக்க, விற்பனைக்குரிய சேலைக்கு முழு நூலையும் ஒதுக்கிவிட்டு, அறுந்ததையும் மீந்ததையும் உறவின் பிள்ளைக்குப் பின்னிக் கொடுப்பது சொத்தைக் குலையைத் தொங்கவிட்ட செயலுக்கு நிகராகாதா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

இதற்கு விடை தேடும்போது, அதே இரண்டாம் அத்தியாயத்தின் 219ஆம் வசனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதைச் செலவிடுவது என்று கேட்டவர்களுக்கு அங்கே கிடைத்த மறுமொழி, தேவைக்கு மேல் எஞ்சுவதை என்பதே. குடும்பத்தின் தேவை போக மிஞ்சியது என்று முற்கால விளக்கவுரையாளர் பலர் அதற்கு உரை கண்டனர். ஆகவே மிச்சத்தைக் கொடுப்பது குறையன்று, அதுவே கொடுத்தலின் இயல்பான தொடக்கம் என்று ஒரு வசனம் சொல்ல, மட்டமானதைக் கொடுக்காதே என்று இன்னொன்று சொல்ல, பிரியமானதைக் கொடு என்று மற்றொன்று சொல்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று மோதவில்லை. முதலாவது பொருளின் அளவைப் பற்றியது, இரண்டாவது அதன் தரத்தைப் பற்றியது, மூன்றாவது கொடுப்பவரின் நெஞ்சைப் பற்றியது. தறியில் எஞ்சிய இழை அளவால் மிச்சமே தவிர, தரத்தால் அது விலைபோன சேலையின் உடன்பிறப்பு; அதே நூல், அதே சாயம். அதற்கு மாறாக, சாயம் வெளுத்ததும் பூச்சி அரித்ததும் ஈரத்தில் கிடந்து இற்றதும் மிச்சமல்ல, கழிவு. அவற்றைக் கொண்டு பின்னினால் அது சொத்தைக் குலையேதான், எவ்வளவு அழகான பின்னலானாலும். இவ்விரண்டையும் பிரித்தறிய 267ஆம் வசனமே ஓர் எளிய சோதனையைத் தந்துவிடுகிறது. பின்னுபவர் தம் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு இதைக் கண் மூடாமல் அணிவிப்பாரா என்பதே அது.

மூன்றாவது வசனத்தின் கோரிக்கை இன்னும் மிச்சமிருக்கிறது. நூல் பிரியமானதல்ல என்றால் பிரியமானது எது? துணிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் நெசவாளப் பெண்ணுக்குத் தறியை விட்டு எழுந்த ஒவ்வொரு மணியும் கூலி குறைந்த மணியே. வீட்டு வேலை முடிந்த இரவில், கண் சோர்ந்த பிறகு, மெல்லிய இழைகளை முடிச்சுத் தெரியாமல் இணைத்துச் சிறு காலுறை ஒன்றைப் பின்னும்போது அவர் செலவிடுவது நூலையன்று. தமது உழைப்பின் கடைசிப் பங்கை. கையால் உழைத்துக் கொடுப்பதற்கு மார்க்க வரலாற்றில் மிக உயர்ந்த முன்னோடி உண்டு. நபிகளாரின் துணைவியருள் ஒருவரான ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) தம் கைகளால் தொழில் செய்து, கிடைத்ததைத் தருமம் செய்து வந்தவர். நபிகளார் தம் மறைவுக்குப் பின் தம்மை முதலில் வந்தடையும் மனைவி கை நீண்டவர் என்று கூறியது, கொடைக் கை நீண்டவரான அவரையே குறித்தது என்பதை மற்றத் துணைவியர் பின்னரே உணர்ந்தனர். இதே அளவுகோல் செல்வருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பொன் வாங்கிக் கொடுக்க வல்லவர், பாலுக்கே வழியில்லாத உறவின் வீட்டுக்கு ஒரு பின்னல் தொப்பியை மட்டும் கொண்டு சென்று, கையால் செய்தது என்று பெருமை பேசினால், அங்கே கைத்தொழில் கஞ்சத்தனத்துக்குப் போர்வையாகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தொப்பியைவிட உம்மாவின் உணவுக்குக் கொடுக்கும் பணம் மேல். பெறுபவரின் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. அயல் வீட்டுப் பெண் அனுப்பியது ஆட்டின் குளம்பேயானாலும் அதை இழிவாகக் கருத வேண்டாம் என்று நபிகளார் குறிப்பாகப் பெண்களை விளித்துச் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. சிறிது என்று கூசிக் கொடுக்காமல் இருப்பவருக்கும், சிறிது என்று முகம் சுளிப்பவருக்கும் சேர்த்தே இது சொல்லப்பட்டது என்று உரையாசிரியர்கள் கொண்டனர்.

பிள்ளைக்கு உடை அணிவிக்கும் செயலை நபிகளாரின் வாழ்வில் மிகத் துலக்கமாகக் காட்டுவது உம்மு காலித் (ரழி) பற்றிய செய்தி. நபிகளாரிடம் வந்த உடைகளிடையே கோலமிட்ட சிறிய கறுப்பு ஆடை ஒன்று இருந்தது. இதை யாருக்கு அணிவிக்கலாம் என்று அவர்கள் கேட்க, சபை அமைதியாக இருக்க, அபிசீனியாவில் பிறந்த அந்தச் சிறுமியைத் தூக்கிவரச் செய்து, தம் கையாலேயே அணிவித்து, அது கிழிந்து நைந்து போகும் வரை உடுத்துமாறு வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்தின் உட்பொருள், உடை நைந்து போகும் அளவுக்கு அணிந்தவர் நீடு வாழ வேண்டும் என்பது. பிள்ளைக்கு உடை கொடுப்பவரின் வேண்டுதல் அந்த உடை நிலைப்பதற்கானது அன்று, அதற்குள் இருக்கும் உயிர் அதைத் தாண்டி வளர்வதற்கானது. ஏழு நாள் பிள்ளைக்குப் பின்னியது சில மாதங்களில் போதாமற்போகும். போதாமற்போனால்தான் அது தன் வேலையைச் செய்து முடித்தது. அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்படும் பின்னல் உடைக்கு இந்த நபிவழியில் ஆதாரம் தேடுவது கடினம்.

இன்னொரு செய்தி நெசவோடு நேரடியாகத் தொடர்புடையது. ஒரு பெண் கரை வைத்து நெய்த மேலாடை ஒன்றை நபிகளாரிடம் கொண்டுவந்து, தம் கையாலேயே நெய்ததாகச் சொல்லிக் கொடுத்தார். தேவை இருந்ததால் அவர்களும் ஏற்று உடுத்தி வந்தார்கள். உடனே ஒருவர் அதைத் தமக்குத் தருமாறு கேட்க, அவர்கள் கழற்றிக் கொடுத்தனுப்பினார்கள். கேட்டவரை மற்றவர்கள் கடிந்துகொண்டபோது, அதைத் தம் கபன் துணியாக, அதாவது அடக்கத்தின்போது போர்த்தும் துணியாக வைத்துக்கொள்ளவே கேட்டதாக அவர் சொன்னார், அவ்வாறே அது ஆனது என்பது ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) வாயிலாகப் புகாரியில் வரும் அறிவிப்பு. கொடுத்த பின் அந்த உடை எங்கே போகிறது என்பதில் நெய்தவருக்குப் பிடி இல்லை என்பதும், அவ்வாறு பிடியை விட்டுவிடுவதே கொடுத்தல் என்பதும் இங்கே தெளிவாகின்றன.

பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து, அந்த நூலால் பிள்ளைக்குப் பின்னுவோரும் உண்டு. பதினாறாம் அத்தியாயத்தின் 92ஆம் வசனம், உறுதியாக நூற்ற நூலைப் பின்னர் பிரித்து இழை இழையாக்கிவிட்ட பெண்ணைப் போல் ஆகவேண்டாம் என்று எச்சரிப்பதால் இதில் சிலருக்கு ஐயம் எழலாம். அந்த வசனம் உடன்படிக்கையை முறிப்பதைப் பற்றியது. அதில் கண்டிக்கப்படுவது பயனுள்ள உழைப்பைப் பயனின்றி அழிப்பது. மக்காவில் பகல் முழுதும் நூற்று, பின் யாவற்றையும் பிரித்துப் போட்ட ஒரு பெண்ணை விரிவுரைகள் எடுத்துக்காட்டுகின்றன. உடுத்தி முடித்ததைப் பிரித்து இன்னோர் உடையாக்குவது அதற்கு நேர் எதிரான செயல்.

பெறுமானத்தைப் பற்றிய இத்தனை ஆய்வுக்கும் முன்னே வைக்க வேண்டியது உரிமை பற்றிய கேள்வி, இதுவே கனமானது. பெண் தம் உழைப்பால் ஈட்டியது அவருக்கே உரியது என்பது நான்காம் அத்தியாயத்தின் 32ஆம் வசனத்திலிருந்து தெளிவு. எனவே சொந்தப் பணத்தில் நூல் வாங்கிச் சொந்தத் தறியில் நெய்பவருக்கு எஞ்சியதைப் பற்றி எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கைத்தறி ஊர்களில் பரவலாக இருப்பது வேறு ஏற்பாடு: முதலாளி நூலைக் கொடுக்க, நெசவாளர் வீட்டிலிருந்து நெய்து துணியாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி பெறுகிறார். இங்கே நூல் முதல் இழையிலிருந்து கடைசி இழை வரை ‘அமானத்’, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருள். நெசவாளரின் கையில் இருப்பதால் அது அவருடையதாகிவிடாது. போரில் கிடைத்த பொருள்களை அதிகாரமின்றி எடுத்தவர்களுக்கு, நூலையும் ஊசியையும் கூடத் திருப்பி ஒப்படைக்குமாறு நபிகளார் கட்டளையிட்டார்கள் என்ற செய்தி முவத்தாவிலும் வேறு தொகுப்புகளிலும் வருகிறது. மிக அற்பமான பொருளுக்கு எடுத்துக்காட்டு தேடியபோது நூலும் ஊசியுமே சொல்லப்பட்டன என்பது பின்னல் வேலை செய்பவர் யாரையும் ஒருகணம் நிறுத்திவிடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளருக்கென எழுதிய கையேட்டில், நெசவாளர் நூலை நிறுத்தே வாங்க வேண்டும், நெய்த துணியையும் நிறுத்தே திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவே சந்தேகத்தைப் போக்கும் வழி என்று விதிக்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்த விதி நெசவாளரைக் கள்வர் என்று எண்ணி எழுதப்பட்டதன்று. அவரது மானத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டது.

பேணுதலின், அதாவது ஐயத்துக்குரியதையும் தவிர்க்கும் பண்பின், எல்லை எதுவரை செல்லும் என்பதற்கு, சூஃபி அறிஞர் குஷைரி (மறைவு 1072) தமது ‘ரிஸாலா’வில் பதிவு செய்த ஒரு செய்தியும் நூலைப் பற்றியதாகவே அமைந்திருக்கிறது. பக்தாதின் ஞானி பிஷ்ருல் ஹாஃபியின் சகோதரி இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலிடம் சென்று, தாங்கள் மாடியில் நூற்றுக்கொண்டிருக்கையில் ஆட்சியாளரின் ஆட்கள் தீவட்டிகளோடு கடந்து போவதுண்டு, அந்த வெளிச்சத்தில் நூற்பது ஆகுமா என்று கேட்டார். அவர் யார் என்பதை அறிந்த இமாம் அழுதுவிட்டு, உண்மையான பேணுதல் அந்த வீட்டிலிருந்தே வெளிப்படுகிறது என்று சொல்லி, அந்த வெளிச்சத்தில் நூற்க வேண்டாம் என்றார். இது எல்லோர் மீதும் சுமத்தப்படும் சட்டமன்று. ஓர் உயர்ந்த உள்ளத்துக்கு அந்த உள்ளத்தின் அளவில் சொல்லப்பட்ட மறுமொழி. சட்டம் இதைவிடப் பரிவுடையது. அறுவடைக்குப் பின் வயலில் சிந்திக் கிடக்கும் கதிரை உரிமையாளர் தேடமாட்டார் என்பது வழக்கமாக அறியப்பட்டிருந்தால் அதைப் பொறுக்கிக்கொள்வது ஆகும் என்று ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் இசைந்தனர். கல்லோயாவின் நீர் பாயும் வயல்களில் கதிர் பொறுக்குவதைக் கண்டு பழகிய அம்பாறை மக்களுக்கு இந்த எடுத்துக்காட்டு அந்நியமானதன்று. அறுத்தெறியப்படும் பாவு எச்சம், எவரும் திருப்பிக் கேட்காதது என்ற ஊர் வழக்கு இருக்குமானால், சிந்திய கதிரின் கணக்கில் சேரும். ஆனால் தாரில் நன்றாகச் சுற்றியிருக்கும் ஊடை நூலும், நெருக்கி நெய்ய வேண்டிய துணியை ஐதாக நெய்து மிச்சப்படுத்திய நூலும் சிந்திய கதிர் அல்ல. பின்னையதில் மிச்சமே மோசடியால் பிறந்தது. அதைக் கொண்டு பிள்ளைக்குப் பின்னிய தொப்பியில் பரக்கத் தேடுவது வீண்.

உரிமைக் கேள்வி கொடுத்ததோடு முடிவதில்லை, பெற்ற பின்னும் தொடர்கிறது. அன்பளிப்பு நிறைவேறுவதற்குக் கொடுப்பவரின் முன்மொழிவும் பெறுபவரின் ஏற்பும் கைவசமாதலும் வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். இலங்கையிலும் முஸ்லிம்களின் பொதுவான நன்கொடைகளை அவர்தம் மத்ஹபின்படியே நோக்க 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமிலா மரபுரிமைக் கட்டளைச்சட்டம் இடமளிக்கிறது. பிள்ளைக்காக ஏற்பவர் அதன் பொறுப்பாளர். ஆனால் ஏற்ற பொருள் பிள்ளையின் உடைமை. பொறுப்பாளர் அதைத் தருமமாகக் கொடுத்துவிட அதிகாரம் பெற்றவரல்லர். அப்படியானால் போதாமற்போன காலுறையைச் சாச்சியின் பிள்ளைக்குக் கொடுக்கும் அன்றாட வழக்கம் என்னவாகும்? கத்னா எனப்படும் விருத்தசேதன விருந்தில் வரும் அன்பளிப்புகள் பிள்ளைக்கா தந்தைக்கா என்று ஷாஃபிஈ அறிஞர்களிடையே நடந்த பழைய விவாதம் இங்கே வழிகாட்டுகிறது: கொடுப்பவரின் எண்ணம் வெளிப்பட்டிருந்தால் அதுவே தீர்க்கும். ஆகையால் பின்னிக் கொடுப்பவர் இது உம்மாவின் கையில், அவர் விரும்பியபடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த உடை தங்குதடையின்றி அடுத்த பிள்ளைக்குப் போகும். எவரும் அழுத்திச் சொல்லாத இந்த நுணுக்கம் கையில் இருக்கும்போது, பிள்ளையின் உடைமையைப் பற்றிய மன உறுத்தலுக்குத் தேவையே இல்லை.

கொடுக்கும் பொருள் தீங்கு செய்யாதிருத்தல் வேண்டும் என்பதும் மார்க்கத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பதினாறாம் அத்தியாயம் 80ஆம் வசனத்தில் கம்பளியும் உரோமமும் மனிதருக்குக் கொடையாகச் சொல்லப்படுகின்றன. அடுத்த வசனத்திலேயே வெப்பத்திலிருந்து காக்கும் உடையும் நன்றிக்குரிய அருளாக எண்ணப்படுகிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாய் வீசும் கல்முனைக் கரையில் கம்பளித் தொப்பி பிள்ளைக்கு அருளாகாது. மாரி மழைக்காலத்துக் குளிரில் பிறந்த பிள்ளைக்கே அது தகும். மற்ற மாதங்களில் தறியின் பருத்தி நூலே ஏற்றது. கையுறை, காலுறையின் உட்புறத்தில் தளர்ந்து தொங்கும் ஒற்றை இழை பச்சிளம் விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலுக்கே கேடு வரும். மருத்துவர்கள் நன்கறிந்த ஆபத்து இது. துண்டு துண்டான மிச்ச நூலில் முடிச்சுகளும் நுனிகளும் அதிகம் என்பதால் இந்த ஆபத்தும் அதிகம். எனவே உட்புறத்தைப் புரட்டிப் பார்த்து நுனிகளை மறைத்துத் தைப்பதும், பிள்ளை வாயில் வைத்துச் சப்பக்கூடிய உடையாதலால் சாயம் இறங்குகிறதா என்று முன்பே தோய்த்துப் பார்ப்பதும் கொடுப்பவரின் கடமை. பட்டு இழை கலந்திருந்தால், ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டதாயினும், பருவமடையாத ஆண் பிள்ளைக்கு அதைப் பொறுப்பாளர் அணிவிக்கலாம் என்பதே இமாம் நவவி (மறைவு 1277) தமது ‘மின்ஹாஜ்’ நூலில் தெரிவு செய்த கருத்து.

இதுவரை பேணுதலின் சுமை நெசவாளரின் மீதே விழுந்து நின்றது. அது அநீதி. அமானத்தைக் காப்பது நெய்பவரின் கடமையானால், ஐயத்துக்கு இடமில்லாத வகையில் ஒப்படைப்பது நூல் கொடுப்பவரின் கடமை. கூலி இன்னது என்று அறியப்பட்டிருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டத்தின் நிபந்தனை. தோலை உரிப்பவருக்குத் தோலையே கூலியாகவும், மாவு அரைப்பவருக்குத் தவிட்டையே கூலியாகவும் பேசுவது செல்லாது என்று மின்ஹாஜ் சொல்வது இதனால்தான். எவ்வளவு எஞ்சும் என்று தெரியாத நூலைக் காட்டி, மிச்சம் உமக்கே என்று சொல்லிக் கூலியைக் குறைக்கும் முதலாளி இந்த விலக்கலுக்குள்ளேயே வருகிறார். அவர் கொடுப்பது அன்பளிப்பன்று, அளக்கப்படாத கூலி. நேர்மையான வழி எளியது. துணி வந்து சேர்ந்த நாளில் பேசிய கூலியை முழுதாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, அதன் பின், எஞ்சிய நூல் கண்முன்னே இருக்கும்போதே, அதை நெசவாளருக்குக் கொடுத்தேன் என்று வாயால் சொல்லிக் கையில் ஒப்படைத்துவிட வேண்டும். மருதமுனையில் தறிக்கு நூல் கொடுப்போர் யாவரும், கடையில் நூல் விற்றுத் தையலுக்கும் பின்னலுக்கும் ஆள் வைத்திருப்போரும், இந்த ஒரு சொல்லைக் கணக்குத் தீர்க்கும் நாளின் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஜும்ஆ மேடைகளில் உலமாக்கள் நெசவாளருக்கு அமானத்தை நினைவூட்டும்போதெல்லாம் முதலாளிகளுக்கு இதையும் சேர்த்து நினைவூட்ட வேண்டும்.